ஒரு விரதம், இரண்டு வயிறு

தட்டைத் தள்ளிவைத்த மகளைப் பார்த்து, "பால்குடமா?" என்று பிரேமாவதி கேட்டாள். உமாராணி தலையை ஆட்டிவைத்தாள். அந்த ஒரு தலையாட்டலில்தான் எல்லாம் தொடங்கியது.

பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மலேசியாவின் சுங்கை லாலாங்கில் விரதம் இருக்கும் பெண்ணை யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவதில்லை. என்ன வேண்டுதல் என்றும் கேட்பதில்லை. வெளியே சொன்னால் பலிக்காது. பட்டினி கிடக்க நினைப்பவளுக்கு அதைவிட நல்ல மறைவிடம் ஏது?

உண்மையில் அவள் வேண்டுதல் ஒரு ரவிக்கை. சுங்கைப் பட்டாணியில் ஷாமளா வைத்திருக்கும் கல்யாணப் புடவைக் கடையின் கண்ணாடியில் ஒரு பெண்ணின் படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. தோள் எலும்பில் சாவிக்கொத்தை மாட்டிவிடலாம், அத்தனை ஒல்லி. அவள் அளவுக்குத் தைத்த ரவிக்கைகள்தான் கடையில் இருந்தன. புது விளம்பரப் படங்களுக்கு உள்ளூர் முகம் தேவை என்று ஷாமளா சொன்னதும் உமாராணி போய் நின்றாள். முதுகுப்பக்கக் கொக்கி ஒன்றுகூட எட்டவில்லை.

"ரவிக்கைய பிரிக்க முடியாது லா, நீதான் சுருங்கணும்," என்றாள் ஷாமளா, மிக அன்பாக.

விரதத்துக்கு ஒருவேளைச் சைவச் சோறு உண்டு. அதையும் உமாராணி வேலைக்குக் கட்டிக்கொண்டு போய்க் கூலிம் தொழிற்சாலைப் பூனைகளுக்குப் போட்டாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் காஞ்சனா, காற்றடித்தால் ஜன்னல் வழியாகப் பறந்துவிடுவாய் என்று கேலி செய்துவிட்டு, இறங்கும்போது எப்படி இளைத்தாய் என்று ரகசியமாகக் கேட்டாள். கோயிலில் பெண்கள் அவள் ஒட்டிய கன்னத்தைத் தொட்டு, முகத்தில் அருள் இறங்கியிருக்கிறது என்றார்கள். கடையில் அதே கன்னத்தைப் பார்த்து, கேமராவுக்கென்றே செய்த முகம் என்றார்கள். வீட்டுக் கண்ணாடியில் மட்டும் அவள் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனாள். பால்குடத்தைத் தலையில் ஏற்றியபோது உடம்பே இல்லாததுபோல் இருந்தது. முருகன்தான் தூக்கிக்கொண்டு போனானா, பசியா என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. கண்ணீர் வந்தது மட்டும் நிஜம்.

உத்திரம் முடிந்தது. படம் எடுக்கும் நாளோ இன்னும் வரவில்லை; கடைசிக் கொக்கி இன்னும் எட்டவில்லை. விரதத்தை நீட்டிக்கப் போவதாக உமாராணி சொன்னாள். பிரேமாவதி தன் தட்டையும் கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அம்மாவும் இத்தனை நாளாக அரை வயிறும் கால் வயிறுமாகக் கூடவே விரதம் இருந்திருக்கிறாள், இனிப்புநீர் வியாதிக்கான மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு. மகள் யாருக்காக விரதம் இருக்கிறாள் என்று தனக்குத் தெரியாதா என்று சொல்லி, பாவாடையை லேசாகத் தூக்கி, மாதக்கணக்காக ஆறாமல் கிடந்த கால் புண்ணைக் காட்டினாள். அது காய்ந்து, கறுப்பாகத் தோல் மூடியிருந்தது.

உமாராணி குனிந்து பாவாடையை இழுத்துக் காலை மூடினாள்.

மறுநாள் பிரேமாவதி அடுப்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உடம்பு வியர்த்துக் கொட்டியது, விரல்கள் நடுங்கின. சீனித் தண்ணீர் கலக்கிக்கொண்டு ஓடி வந்த மகளிடம் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"மொத நீ குடி. நீ முடிக்காம நான் முடிச்சா சாமிக்குத்தம்."

"ஐயோ, விளையாடாதம்மா."

"குடி."

உமாராணி குடித்தாள். இனிப்பு தொண்டையை எரித்தது. பிறகுதான் அம்மா டம்ளரை வாங்கினாள். நடுக்கம் அடங்கியதும் சோறு போடச் சொன்னாள். இருவரும் தரையிலேயே உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கொக்கி விலகிப் போவதை உமாராணியால் உணர முடிந்தது. ஆனால் கை நிற்கவில்லை. அம்மா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்காக இல்லம்மா. ஷாமளா அக்கா கடையில ஒரு ரவிக்க இருக்கு. அதுல நான் நுழையணும். அதுக்குத்தான்."

பிரேமாவதி மெல்லுவதை நிறுத்தினாள். திட்டுவாள் என்று உமாராணி காத்திருந்தாள். அவளோ காலை நீட்டி, ஆறிய புண்ணைப் பார்த்தாள்.

"அப்ப இது எப்படிடி ஆறுச்சி?"

உமாராணிக்கும் தெரியவில்லை. அம்மாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள், தன் தட்டிலும்.