கராஜில் வைத்த விளக்கு

கீழே கராஜில் கார் இரண்டு முறை முக்கி அடங்கியபோது, ரதிதேவி கணவர்மேல் போர்த்த வேண்டிய பட்டுவேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை முக்கியபோது, புகைக்குழாயில் அடைத்த துணி நினைவுக்கு வந்தது. வேட்டியை மகளின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"அம்மா, உங்களை மேலயே இருக்கட்டாம் எண்டு மாமா சொன்னவர்," என்றாள் ராகவி.

"அப்பாவை எங்க வைக்கிறது? மாமாவின்ர தலையிலயோ?"

குணரத்தினம் மே மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனவர். தென்பாதி உலகின் அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடந்தார். செப்டெம்பர் வந்து, சன்னலுக்கு வெளியே பூக்கள் தெரியத் தொடங்கிய பின் இறந்தார். "ஒருக்கா என்னை வீட்டை கொண்டுபோ" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அவளும் ஒவ்வொரு முறையும் "ஓம்" என்றாள். அந்த 'ஓம்' இப்போது அவளிடம் எஞ்சியிருந்தது.

வீட்டு வாசலுக்கு ஏறும் படிகள் நடுவில் திரும்பின. சவப்பெட்டி அவற்றில் திரும்பாது. தகனத்துக்கு முன் அவரை வீட்டில் வைக்கக் கராஜ்தான் ஒரே இடம். அங்கே அவருடைய ரொயோட்டா, அவர் நிறுத்திவிட்டுப் போன இடத்திலேயே நின்றது. கராஜ் தெருவைவிடத் தாழ்ந்தது. வாசலிலிருந்து தெருவரை செங்குத்தான ஏற்றம். காலையில் நான்கு பேர் தள்ளிப் பார்த்துப் பாதியில் தோற்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் இப்போது மேலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பிரேத ஊர்திக்காரர்களோ தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: இடம் ஒழிந்திருந்தால் இறக்குவோம், இல்லாவிட்டால் நேரே தகனசாலை.

அவள் இறங்கி வந்தபோது காரின் முன்மூடி திறந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அவளுடைய அண்ணன் பாஸ்கரன். முன்னால், தன் காரின் பற்றறியைக் கொண்டுவந்து பொருத்திய பக்கத்து வீட்டுப் பழனிவேல். மதுரைக்காரர், நகரின் தொழிற்பேட்டையான ஈஸ்ட் டாமாக்கியில் லொறி ஓட்டுபவர்.

ரதிதேவி காரின் பின்புறம் போய்க் குனிந்து துணியை இழுத்தாள். எலி புகாமலிருக்கக் குணரத்தினம் அடைத்தது. அவளுடைய பழைய சேலையின் துண்டு. கரியோடும் ஈரத்தோடும் வந்துகொண்டேயிருந்தது.

"இதை முதலே சொல்லக்கூடாதே?" என்றார் பாஸ்கரன்.

"நீங்கள்தானே அண்ணை மேல இருக்கச் சொன்னனீங்கள்."

பழனிவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழவு வீடு என்பது உடனே நினைவுக்கு வர, இருமி மறைத்தார்.

நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு மணம் பிடிபட்டது. கராஜின் பின்மூலையில், தலைமாடு வரப்போகும் இடத்தில், தரையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாஸ்கரன் பாலங்கள் கட்டும் பொறியியலாளர். எதையும் உரிய நேரத்துக்கு முன்பே செய்து முடிப்பவர். காலையிலேயே குளித்து, விளக்கையும் ஏற்றி வைத்திருந்தார்.

"தம்பி, பெற்றோல் மணக்குது," என்றாள் பழனிவேலிடம்.

பழனிவேல் மண்டியிட்டுக் காரின் அடியில் பார்த்தார். அவர் குரல் மாறியது.

"அண்ணே, சாவியைத் தொடாதீங்க. கையை எடுங்க. புது பெட்ரோல் ஊத்துனதும் காஞ்ச குழாய் வெடிச்சிருச்சு, ஒழுகுது."

கராஜின் தரை பின்மூலையை நோக்கிச் சரிந்திருந்தது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஈரக்கோடு, அவசரமில்லாமல், விளக்கிருந்த திசையில் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த விளக்கை அணைச்சிருங்க."

"செத்தவீட்டு விளக்கை அணைக்கிறதோ?" பாஸ்கரன் காரிலிருந்து இறங்கினார். "பெட்டி போகுமட்டும் எரியவேணும். தூக்கி வெளியில வைப்பம்."

"வேணாம்ணே. தூக்குறப்ப திரி விழுந்துச்சுன்னா, பெட்டி ஒண்ணு பத்தாது."

மேலே சன்னலிலிருந்து ராகவி கத்தினாள்: "அம்மா! ஊர்திக்காரர் வெளிக்கிட்டிட்டினமாம்!"

குணரத்தினம் இந்தக் கராஜுக்குள் ஊதுபத்திகூடக் கொண்டுவர விட்டதில்லை. பெற்றோல் ஆவி மேலே போகாது, தரையோடுதான் ஊரும் என்பார். தைப்பொங்கலன்றும் அதையே சொன்னார். அவள் ஓடவில்லை. சுவரோரமாக நடந்துபோய் உட்கார்ந்து, ஒற்றைத் திரியை இரண்டு விரல்களால் நசுக்கினாள்.

"ரதி! என்ன வேலை செய்தனீ?"

"அவர் இன்னும் வரேல்லை அண்ணை. வந்தாப்பிறகு ஏத்துவம்."

பாஸ்கரன் அதற்குப் பின் அவளைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். பழனிவேல் வெடித்த நுனியை வெட்டியெறிந்து, குழாயை மீண்டும் செருகி இறுக்கினார். ரதிதேவி ரோஜாத் தொட்டி மண்ணை அள்ளி வந்து ஈரத்தின்மேல் கொட்டி, கூட்டி, வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. கதவை அகலத் திறந்துவிட்டுக் காத்திருக்க மட்டுமே முடிந்தது.

"போதும்தானே?" என்றார் பாஸ்கரன்.

"இருங்கண்ணே."

"அவங்கள் வந்திடுவாங்கள்."

"வரட்டும். நாம இருக்கணும்ல?"

காற்று ஏற்றத்தில் இறங்கி வந்து, உள்ளே சுற்றி, மறுபடி ஏறிப் போனது. பழனிவேல் தரையருகே முகத்தை வைத்து மோந்து பார்த்தார். இணைப்பைத் தடவி விரலைப் பார்த்தார், காய்ந்திருந்தது. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, தனியாக ஏறி உட்கார்ந்தார்.

கார் இருமியது, நின்றது. மீண்டும் இருமி, நீலப் புகையைக் கக்கி, பிடித்துக்கொண்டது.

"எடும், எடும்!" என்று பாஸ்கரன் கையை வீசினார்.

பழனிவேல் எடுக்கவில்லை. காரை ஒரு முழம் உருட்டி, பிரேக்கை மிதித்தார். துரு நெரியும் ஓசை. மீண்டும் உருட்டினார், மிதித்தார். "ஏத்தத்துல இது பிடிக்கலைன்னா, வண்டி திரும்ப நம்ம மேலதான் வரும்," என்றார். மூன்றாம் முறை கார் உறுதியாக நின்றது.

அது ஏறிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் கறுப்பு ஊர்தி திரும்பியது. வாசலில் இரண்டும் முகத்துக்கு முகம் வந்தன. ஊர்தி பின்வாங்கி வழி விட்டது. குணரத்தினத்தின் கார் அதைக் கடந்துபோய் வேலியோரம் நின்றது. ரதிதேவி தன் இடுப்பில் செருகியிருந்த சேலைத் துண்டை அப்போதுதான் பார்த்தாள்.

பெட்டியைக் கார் நின்ற இடத்தில் இறக்கினார்கள். கால்மாட்டில் பழைய எண்ணெய்க் கறை தெரிந்தது. அதை மூடப் பாய் கொண்டுவந்த ராகவியை, ரதிதேவி வேண்டாமென்று தலையசைத்துத் தடுத்தாள். பெண்கள் இறங்கி வந்து சுவரோரம் நின்றார்கள். பாஸ்கரன் தீப்பெட்டியை அவளிடம் நீட்டினார்.

"வந்திட்டார். இனி ஏத்து."

அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும் அளவுக்குக் குனிந்து, மூச்சை இழுத்தாள். வணங்குகிறாள் என்று நினைத்துப் பெண்கள் கைகூப்பினார்கள். அவள் நிமிர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்கோ."

தீப்பெட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டு, திறந்திருந்த கதவைப் பார்த்தபடி, அணைந்த விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.