பச்சை எழுத்தில் 'சரி'

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். பதுளை பஸாரில் றில்வான் நானாவின் போட்டோகொப்பிக் கடையில் ஆறு வருடம் வேலை செய்தால் யாருக்கும் வரும். ஸ்கேன் செய்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஒட்டி, அளவைக் குறைத்து, ஒரே கோப்பாக்கிக் கொடுப்பதற்குள் வரிசை வாசல்வரை போய்விடும். அதனால்தான் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். பட்டனை அமுக்கினால் போதும், நான் கையால் தட்டவேண்டிய கட்டளைகளை அதுவே உள்ளிருந்து ஓட்டிவிடும்.

கட்டளை ஓடும்போது ஒரு கறுப்புத் திரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். "மதுஷா, இத மறைச்சிடு. சனம் வைரஸ்னு பயப்படுது," என்றார் நானா. மறைத்தேன். வேலை முடிந்ததா இல்லையா என்று கட்டளை சொல்லும் பதிலையும் சேர்த்தே தூக்கிப்போட்டேன். என்ன நடந்தாலும் கடைசியில் பச்சை எழுத்தில் 'சரி' என்று காட்டும்படி செய்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. எனக்குப் பெருமை வேறு.

அன்று தோட்டப் பாடசாலை உதவி ஆசிரியர் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை நாலு மணிக்கு இணையப் பக்கத்தை மூடிவிடுவார்கள். முப்பத்தைந்து வயது முடிந்தால் எடுக்கமாட்டார்கள். எனக்கு இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. ஒரு மாதமாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டவள், காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக என்னுடையதை அனுப்பிவிட்டு, நிம்மதியாக ஒரு பிளேன்டீ குடித்தேன்.

மூன்றரைக்கு நிஷாந்தினி வந்தாள். பெரகலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள், உயர்தரம் பாஸ். அவளுக்கும் அதே விண்ணப்பம்தான். தலையெல்லாம் மழையில் நனைந்திருந்தது. சான்றிதழ்கள் மட்டும் பைக்குள் பத்திரமாக இருந்தன.

"இப்பவா வர்றது? நான் காலையிலேயே அனுப்பிட்டேன்," என்றேன்.

"இன்னைக்குத்தாங்க்கா அரைநாள் லீவு கெடச்சுச்சு."

ஸ்கேன் செய்து பட்டனை அமுக்கினேன். பச்சை 'சரி' வந்தது. கோப்பை விண்ணப்பத்தோடு இணைத்து, 'அனுப்பு' என்பதன்மேல் மவுஸை வைத்தேன்.

"அதுக்குள்ள ஒட்டிருச்சா?" என்று கேட்டாள்.

"அதான் சரின்னு சொல்லுதுல்ல."

"இல்லக்கா, எங்க தோட்டத்துல காலையில வேலைக்குப் போறதுக்கு முன்ன பெரட்டுல நிக்கவச்சுப் பேர் கூப்பிடுவாங்க. வராத ஆளுக்காக வேற ஆளு குரல் குடுத்துரும். நானே குடுத்திருக்கேன். அதனால எங்க கங்காணி இப்பல்லாம் தலைய நிமித்தி மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் பேர் போடுவாரு. நீங்க தெறந்து பார்த்தீங்களா?"

சுருக்கென்றது. கொழுந்து பறிக்கிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று நினைத்தேன். என் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. நல்லா பாத்துக்க என்று கோப்பைத் திறந்தேன்.

முதல் பக்கத்துப் படத்தில் டை கட்டிய ஒரு ஆள் பல் தெரியச் சிரித்தார். ஜெயகுமார். வெளிநாட்டு வேலைக்கென்று நேற்றுக் கடைசியாக வந்த லொறி டிரைவர்.

"யாருக்கா இது?"

மறைத்துவைத்த கறுப்புத் திரையை வெளியே எடுத்து, கட்டளையை மறுபடி ஓட்டினேன். ஒட்டுகிற மென்பொருளே இந்தக் கணினியில் இல்லை என்று அது சொன்னது. புதுக் கோப்பு உருவாகவே இல்லை. என் புரோகிராம் அதே பெயரில் கிடந்த நேற்றைய கோப்பை எடுத்து நீட்டிவிட்டு 'சரி' சொல்லியிருக்கிறது.

"நானா, ஒட்டுற மென்பொருள போட்டு டெஸ்க்டாப்புல வச்சிருந்த என்ட ஃபோல்டர் எங்க?"

"குப்பையா கெடந்துச்சு மதுஷா. நேத்து நீ போன பொறகு சுத்தம் பண்ணினேன்."

நேற்று. நான் அனுப்பியது இன்று காலையில். ஆனால் மணி மூன்று ஐம்பது. முதலில் இவளுடையது என்று, என்னுடையதைத் திறக்கப்போன கையை அடக்கிக்கொண்டேன். குப்பைத்தொட்டியிலிருந்து ஃபோல்டரை மீட்டு, கட்டளையை ஓட்டினேன். இந்தத் தடவை கறுப்புத் திரையில் ஓடிய ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். கோப்பைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். பிறப்புச் சான்றிதழ், பெறுபேறு, அவள் படம். மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன்.

"நீங்களும் இதுலதானேக்கா அனுப்பினீங்க?" என்றாள் மெதுவாக.

காலையில் அனுப்பியதைத் திறந்தேன். என் பெயர், என் பிறந்த தேதி, கீழே 'சமர்ப்பிக்கப்பட்டது, மாற்ற இயலாது' என்ற வரி. இணைப்பை அமுக்கினேன். ஜெயகுமார் அதே டையோடு சிரித்தார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கேக்கா."

"ஒரு ஆளுக்கு ஒரு தடவதான்," என்றேன்.

யார்மேல் கோபப்படலாம் என்று தேடிப் பார்த்தேன். நானா வாசலில் குடைகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்மேல்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

நிஷாந்தினி என் மூஞ்சியைப் பார்த்தாள். அவளுக்கு நாலேகாலுக்கு பஸ். பையைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.