உட்காரும் வரை காத்திருந்தவர்

பின்னாலிருந்து யாராவது "ரைட், போகலாம்" என்று சொல்லாமல் அந்த ஓட்டுநர் வண்டியை நகர்த்தியதே இல்லை. தலை நரைக்கும் வரை பேருந்து ஓட்டியவர். நடத்துநரின் குரல் காதில் விழுந்த பிறகே அவருடைய கால் அசையும். பணி ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. மனைவி ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் அமர்ந்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வாய் திறந்து சொல்லும் வரை கல்தூண் போல நிற்பார்.

"என்னைக்காவது நான் கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தா, நடுத்தெருவுலேயே விடிஞ்சிரும்" என்பார் அந்த அம்மாள்.

நடக்கச் சிரமப்படும் முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தன்னார்வ ஓட்டுநர்கள் தேவையென்று அயல்நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கேட்டபோது, அவர் தயங்காமல் முன்வந்தார். பணிமனைத் தோழர்கள் மாலை போட்டு வழியனுப்பினார்கள். பழந்துணிகளைத் தரம் பிரிக்கும் தொண்டுக்கு மனைவியும் உடன் புறப்பட்டார். விமானத்தில்கூட, பணிப்பெண் கதவைச் சாத்திவிட்டு விமானிக்குத் தகவல் சொன்னதைக் கழுத்தை நீட்டிப் பார்த்த பிறகுதான் அவர் நிம்மதியாகச் சாய்ந்தார்.

"இவங்களும் நம்ம ஜாதிதான், வண்டிக்கார ஜாதி" என்றார்.

இறங்கிய ஊர் அவரை வியப்பில் ஆழ்த்தியது. அத்தனை வண்டிகள் ஓடியும் ஒரு ஹாரன்கூட ஒலிக்கவில்லை. "எல்லாரும் மௌன விரதமா?" என்று மனைவியின் காதைக் கடித்தார். அவர்களை அழைத்துப்போக வந்திருந்த ஒருங்கிணைப்பாளன், அந்நாட்டிலேயே வளர்ந்த தமிழ் இளைஞன். அவன் காட்டிய வேனின் வலப்பக்கக் கதவைத் திறந்தவர் திகைத்துப்போனார்.

"தம்பி, ஸ்டீயரிங்கை யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க!"

"அது அந்தப் பக்கம் இருக்குங்கய்யா."

புதுக் காட்டுக்கு வந்த யானை, தும்பிக்கையால் தரையைத் தட்டிப் பார்த்துத்தான் அடியெடுத்து வைக்கும். அவரும் அப்படியே வெற்று மைதானத்தில் ஓட்டிப் பழகி, அந்நாட்டுச் சோதனையில் முதல் முயற்சியிலேயே தேறினார். அன்று மாலை மீசைக்கு மிகுந்த வேலை இருந்தது.

தொண்டு தொடங்கிய காலையில் முதியவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கதவு தானாகவே மூடிக்கொள்ள, மணி ஒலித்தது. வேன் நகரவில்லை.

"எடுங்கய்யா" என்றான் வெளியே நின்ற இளைஞன்.

"எல்லாரும் உக்காந்தாச்சான்னு யாராவது பாத்துச் சொல்லணுமே, தம்பி."

"யாரும் சொல்ல வேணாம். கதவு மூடினா வண்டியே மணி அடிக்கும்."

"கதவு மூடினது அதுக்குத் தெரியும். கம்பியைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்களே, அந்தம்மா உக்காந்தது தெரியுமா?"

சொன்னதோடு நில்லாமல் எழுந்து பின்னால் போனார். கைத்தடியுடன் நின்றிருந்த மூதாட்டி மெல்ல அமர்ந்து, பையை மடியில் வைத்து, பெருமூச்சு விடும் வரை காத்திருந்தார். சாலையில் வண்டிகள் தேங்கின. இளைஞனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்க வண்டி ஓட்ட வந்தீங்களா, பந்தியில ஆள் உக்கார வைக்க வந்தீங்களா? இறங்குங்க! ஊருக்கு டிக்கெட் போட்டுடறேன்" என்று அத்தனை பேர் முன்னிலையில் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

துணிக்கிடங்கில் நுழைந்த கணவரின் முகத்தைப் பார்த்ததும் மனைவிக்கு விளங்கிவிட்டது.

"நான் போய் நாலு வார்த்தை கேக்கட்டுமா?"

"வேணாம். மாலை போட்டு அனுப்பினவங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன். ஆனா ஒண்ணு, நாளைக்கு ஓட்டச் சொன்னாலும் இப்படித்தான் ஓட்டுவேன்."

"அப்படி ஓட்டலேன்னா நான் உங்க பின்னாடி ஏற மாட்டேன்" என்றபடி ஒரு கம்பளியின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தார் மனைவி.

மறுநாள் காலை இளைஞனே வேனை எடுத்தான். மணி ஒலித்தது, வேன் பாய்ந்தது. இன்னும் அமர்ந்திராத அந்த மூதாட்டி பக்கத்துப் பெரியவரின் மடியில் போய் விழுந்தார். நல்லவேளையாக அடி ஏதுமில்லை. ஆனால் மூதாட்டி கைத்தடியால் தரையை ஓங்கித் தட்டி வேனை நிறுத்தச் செய்து, இறங்கி நடைபாதையில் நின்றுகொண்டார். மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். எவ்வளவு கெஞ்சியும் ஒருவரும் ஏறவில்லை. இளைஞன் கிடங்கு வாசலுக்கு வந்து ஓட்டுநரையும் மனைவியையும் அழைத்துப்போனான்.

ஓட்டுநரைக் கண்டதும் மூதாட்டி தம் மொழியில் படபடவென்று பேசத் தொடங்கினார்.

"என்ன சொல்றாங்க?"

இளைஞன் தலையைச் சொறிந்தான். "அது வந்துங்கய்யா... 'இத்தனை வருஷத்துல நான் உக்கார்ற வரைக்கும் காத்திருந்த டிரைவர் இவர் ஒருத்தர்தான். இவர் ஓட்டினாத்தான் ஏறுவேன்'னு சொல்றாங்க."

"இன்னும் நீளமா என்னமோ சொன்னாங்களே?"

"அது... என்னைத் திட்டினது."

"அதையும் விடாம சொல்லு, தம்பி" என்றார் மனைவி.

ஓட்டுநரின் தோள்கள் தாமாக நிமிர்ந்தன. ஆயினும் அவர் சிரிக்கவில்லை. இளைஞன் முதலில் மூதாட்டியின் முன் குனிந்து, அவருடைய மொழியில் மன்னிப்புக் கேட்டான். பிறகு இரு கைகளாலும் சாவியை ஓட்டுநரிடம் நீட்டினான்.

"நேத்து எல்லார் முன்னாடியும் உங்களை அவமானப்படுத்தினேன். எல்லார் முன்னாடியுமே கேக்கறேன், மன்னிச்சிருங்கய்யா. இனிமே உங்க வண்டியில பின்னாடி நான் வரேன், எல்லாரும் உக்காந்தாச்சான்னு பாத்துச் சொல்றேன்."

அவன் தமிழில் சொன்னது மற்றவர்களுக்கு விளங்கவில்லை. மூதாட்டி கைத்தடியை அவன் பக்கம் நீட்டி ஏதோ கேட்டார். அவன் முகம் சிவக்க, வரிசையின் கடைசியில் நின்ற பெரியவருக்கும் கேட்கும்படி, அவர்கள் மொழியில் உரக்க மறுபடியும் சொன்னான்.