நாற்காலி ஸ்டேஷன்

லகாட்டிலிருந்து ஈப்போ வரை பதினேழாம் சேனலில் கருடனைத் தெரியாதவர்கள் இல்லை. அவன் முகத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. மணல் லோரி ஓட்டும் சதாசிவம் அந்தப் பெயரில் பேசினான். லோரியில் ஒரு வாக்கி டாக்கி செட், வீட்டில் இன்னொன்று. வீட்டுக் கூரையில் அலுமினியக் குழாய்களைக் கட்டி ஏரியல் நிறுத்தியிருந்தான். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர் குரல்தான் போகும். நடுவில் நுழைய வேண்டியவர் "பிரேக்" என்று கேட்டு நுழைவார். உண்மைப் பெயரை யாரும் கேட்பதில்லை; பேசுகிற ஒவ்வொருவரும் ஒரு "ஸ்டேஷன்". எதிராளி எவ்வளவு கோபமூட்டினாலும் "நீங்க" என்றுதான் பேச வேண்டும். "நீ" என்று சொன்னவனுக்கு மற்றவர்கள் ஒரு வாரம் பதில் சொல்ல மாட்டார்கள்.

சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் சேனல் நிரம்பிவிடும். கட்சித் தேர்தலில் எந்த அணி, கோயில் நிலத்தை விற்றது யார், மதம் மாறியவன் செத்தால் எரிப்பதா புதைப்பதா என்று எதையும் விடாமல் விவாதிப்பார்கள். கருடனுக்குச் சரியான எதிராளி பைலட். ஈப்போவில் டயர் கடை வைத்திருந்த மத்தியாஸ் என்பவர் அவர். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிய குரல் என்பதால் திட்டும்போதும் ராகமாக இருக்கும்.

அந்த ஆண்டு, எண்பத்தெட்டில், ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ருபெல்லா ஊசி போடப் போவதாகச் செய்தி வந்தது. சேனல் மற்ற எல்லாவற்றையும் மறந்தது.

"பையனுக்கு இல்லையாம், பொண்ணுக்கு மட்டுமாம். ஏன்? யோசிங்க ஸ்டேஷன்!" என்றான் கருடன். "கர்ப்பப்பையக் கெடுக்கத்தான்லா! நம்ம ஆளுங்க தொகையக் கொறைக்கிற வேல இது. அதுவும் அம்மைக்கு ஊசியாம். அம்மை வந்தா ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கான்னு வேப்பிலை வைப்போம். வந்தவள ஊசியால குத்தித் தொரத்துவோமா?"

"அப்ப உங்களுக்குப் பல்லு வலிச்சா எந்த சாமி வந்திருக்குன்னு சொல்வீங்க, கருடன்?" என்று பைலட் கேட்டார். சேனலில் சிரிப்புச் சத்தம் விட்டு விட்டு வந்தது.

சதாசிவத்தின் மகள் மங்களம் ஆறாம் வகுப்பில் இருந்தாள். அவளுக்கு வியாழக்கிழமை ஊசி. போடச் சம்மதம் என்று பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட வேண்டிய தாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தது. சதாசிவம் கையெழுத்துப் போடாமல் அதை மேசைமேல் போட்டுவிட்டான்.

"எங்கக்கா மவன நெனச்சுப் பாருங்க," என்றாள் அவன் மனைவி வீரம்மா. "மங்களத்துக்கும் நாளைக்கு அப்படி ஒரு புள்ள பொறந்தா?"

அவள் அக்கா நல்லம்மாள் சிலிம் ரிவரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது உடம்பெல்லாம் பொடிப் பொடியாகத் தடித்துக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் இறங்கியும் போனது. பிறந்த ஜெயபாலனுக்குக் காது கேட்காது. அந்தக் காய்ச்சலுக்குத்தான் இந்த ஊசி என்று லகாட் கிளினிக்கில் ஒரு தாதி வீரம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? போயி வேலையப் பாரு," என்றான் சதாசிவம். அன்றும் மறுநாளும் அவள் மறுபடி பேச்செடுத்தாள். பதில் அதேதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் கோப்பெங்கிலிருந்து காலி லோரியில் திரும்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சீனி. மணல் ஏற்றி இறக்கும் ஆள், வயதில் அவனுக்கு மூத்தவர். செட்டில் கருடன் ஊசியைப் பற்றி ஒரு பாட்டம் பேசி முடித்துப் பட்டனை விட்டான்.

"பிரேக்," என்றது ஒரு பெண் குரல்.

சேனலில் பெண்கள் பேசுவது அபூர்வம்.

"வாங்க ஸ்டேஷன், வாங்க," என்றார் பைலட். "உங்க பேரு?"

வீட்டில் வீரம்மா மைக்கைப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தாள். பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை.

"நாற்காலி," என்றாள்.

"நாற்காலியா? எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா, இல்ல ஒக்காந்துட்டீங்களா?" என்றார் பைலட்.

லோரியில் சீனி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, இது நம்ம..."

"வாய மூடிட்டு வாங்கண்ணே," என்றான் சதாசிவம்.

"கருடன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றது குரல். செட்டின் இரைச்சலில் அது கொஞ்சம் மெலிந்து கேட்டது. ஆனாலும் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

பட்டனை அழுத்தினான். என் வீட்டில் என்னிடம் கேட்காமல் மைக்கைத் தொட்டது யார் என்று கத்தலாம். அப்படிக் கத்தினால் பெண்டாட்டியோடு காற்றில் சண்டை போட்ட கருடன் என்று ஈப்போ முழுக்கச் சிரிப்பார்கள்.

"சொல்லுங்க, ஸ்டேஷன்," என்றான்.

அவன் அவளிடம் "சொல்லுங்க" என்றது அதுவே முதல் முறை. சீனி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பொண்ணுக்கு மட்டும் ஏன்னு கேட்டீங்க. வயித்துல புள்ளயச் சொமக்குறது பொண்ணுதானே? அந்தக் காச்சல் தாய ஒண்ணும் செய்யாது, உள்ள இருக்கிற புள்ளயத்தான் கெடுக்கும். எங்கக்கா மவனுக்குக் காது கேக்காது. அவன் பக்கத்துல ஒக்காந்துட்டு, ஆத்தா வந்துட்டுப் போனான்னு நீங்க சொல்வீங்களா?"

"ஒரு வீட்டுல நடந்தத வச்சு எல்லாத்தையும் சொல்ல முடியாது, ஸ்டேஷன். ஆதாரம் வேணும்."

"தொகையக் கொறைக்கிறாங்கன்னு சொன்னீங்களே, அதுக்கு ஆதாரம் இருக்கா? இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அவன் பட்டனில் விரல் வைத்தான், அழுத்தவில்லை. முன்னால் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது.

"கருடன், லைன்ல இருக்கீங்களா?" என்றார் பைலட். "றெக்க ஒடிஞ்சிடுச்சா?"

"இருக்கேன். நான் பொதுவா சொன்னேன், ஸ்டேஷன்."

"நான் பொதுவா கேக்கல," என்றாள் வீரம்மா. "எனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. வியாழக்கிழமை ஊசி. நான் கையெழுத்துப் போட்டா அது தப்பா?"

முகம் தெரியாத ஒரு தாயிடம் தப்பு என்று சொல்பவர் அந்தச் சேனலில் யாரும் இல்லை. கருடனும் அப்படிப்பட்டவன் இல்லை என்று எல்லாரும் நம்பினார்கள்.

"அது உங்க மக," என்றான் அவன். "உங்க இஷ்டம்."

"நீங்க தடுக்க மாட்டீங்க?"

"தடுக்க நான் யாரு?"

"ரோஜர்," என்றாள். "எல்லா ஸ்டேஷனும் காப்பி பண்ணிட்டீங்களா?"

"காப்பி, தெளிவா கேட்டுச்சு," என்றார் பைலட்.

"காப்பி," என்றது புந்தோங்கிலிருந்து ஒரு குரல். பிறகு மெங்லெம்புவிலிருந்து இன்னொன்று. பெயர் தெரியாத இரண்டு மூன்று பேரும் சொன்னார்கள். சீனி தொண்டையைச் செருமினார்.

அன்றிரவு வீட்டில் சண்டை இல்லை. ஆனால் சதாசிவத்துக்குப் பேச்சு சிக்கலாகிவிட்டது. "போடு" என்றால் பழைய மாதிரி இருந்தது. "போடுங்க" என்பது வாயில் வரவில்லை. அதனால் வினை இல்லாமல் பேசினான். "சோறு," என்றான். "தண்ணி," என்றான். சம்மதத் தாள் மேசைமேல் இருந்தது. வீரம்மா அவன் கண்ணெதிரே அதில் கையெழுத்திட்டு மங்களத்திடம் கொடுத்தாள். "பேனா மூடி," என்று மட்டும் சொன்னான், அது கீழே உருண்டதைக் காட்டி.

வியாழக்கிழமை மங்களம் இடது கையில் பஞ்சு ஒட்டி வந்தாள். "வலிக்குதா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றாள். அவன் செட்டைப் போட்டான்.

ஊசி ஒரு சதி என்று கருடன் அன்றும் பேசினான். முன்பைவிட நன்றாகவே பேசினான், புதிதாக இரண்டு காரணங்கள் சொன்னான். கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் இப்படித்தான் ஆரம்பித்தார்களாம்.

"அந்த நாற்காலி ஸ்டேஷன் அப்புறம் வரவே இல்லையே," என்றார் பைலட். "எந்த ஏரியா அவங்க?"

"தெரியல," என்றான் சதாசிவம். "சிக்னல் வீக்கா இருந்துச்சு."

அடுப்படியில் வீரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் சொன்ன முதல் காரணத்துக்கு அவளிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு இன்னும் யோசிக்க வேண்டும். அவன் பேசி முடித்துப் பட்டனை விட்டான். மைக்கைக் கொக்கியில் மாட்டாமல், அடுப்படிப் பக்கம் இருந்த மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.