தொடாமல் எடுத்த நகல்

என் தங்கை புருஷன் வாய்ப்பந்தல் போடுவதில் மன்னன். "ஒரு விரல்கூட படாதுக்கா. வெறும் வெளிச்சத்தை வச்சே நகல் எடுத்துடலாம்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, எங்கள் அருங்காட்சியக இயக்குநரிடம் நானே சிபாரிசு செய்தேன்.

அங்கே பழம்பொருள் பராமரிப்பு என் பொறுப்பு. நகலெடுக்க வேண்டியது கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழங்காலக் கண்ணாடிக் குப்பி. மண்ணுக்குள் கிடந்து கிடந்து, வெங்காயச் சருகு மாதிரி வானவில் நிறத்தில் அதற்கு ஒரு தோல் வந்திருந்தது. ஆராய்ச்சியாளர்களுக்கு வேண்டியதே அந்தத் தோல்தான். பலமாக மூச்சு விட்டால்கூட உதிர்ந்துவிடும்.

மாப்பிள்ளை முப்பரிமாண ஸ்கேனரைக் குப்பியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். திரையில் வந்த குப்பியில் எலி கடித்த மாதிரி ஓட்டைகள். பளபளப்பில் வெளிச்சம் சிதறிப்போகிறதாம்.

"அப்ப விட்டுடுங்க தம்பி."

"கோணத்தை மாத்திப் பாக்குறேன். நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கக்கா."

என்னைக் கிளப்பப் பார்க்கிறார் என்று தோன்றியது. குத்துக்கல் மாதிரி அங்கேயே உட்கார்ந்தேன். இயக்குநர் கூப்பிட்டனுப்பியதால்தான் எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது திரையில் ஒரு ஓட்டைகூட இல்லை. தோலின் செதில் ஒவ்வொன்றும் அச்சு அசலாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் பயந்துபோனேன். குப்பியின் பளபளப்பு இப்போது மட்டும் எப்படி வழிவிட்டது?

"கோணம் மாத்தினேன்" என்றார், நான் கேட்காமலேயே.

பூதக்கண்ணாடியை எடுத்துக் குப்பியைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே தோல் இல்லை, வெறும் பச்சைக் கண்ணாடி. மேசை விரிப்பில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ. அவர் பையிலிருந்து மெல்லிய பிரஷ் ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் முடிகளில் நீலமும் ஊதாவும் மினுங்கின.

"என்னத்த அடிச்சீங்க?"

"பளபளப்ப மறைக்கிற பவுடர்க்கா. இந்த வேலையில எல்லாரும் அடிக்கிறதுதான். அப்புறம் பூ மாதிரி தட்டிவிட்டேன்." குரல் இறங்கியது. "சத்தியமா என் விரல் படலக்கா."

ஓங்கி ஒரு அறை விடலாமா என்று இருந்தது. "அந்த பிரஷ உதறிடாம குடுங்க" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டேன். தங்கையின் முகம் கண்முன் வந்து நின்றது.

அதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். திரையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "பிரமாதம்! ஒரு செதில்கூட விட்டுப்போகலையே. அசல் எங்கம்மா?"

மாப்பிள்ளை என்னையே கெஞ்சுகிற மாதிரி பார்த்தார்.

"பாதி மேசையில இருக்கு சார்" என்றேன். "மீதி இதுல." பிரஷை நீட்டினேன்.