வெட்டுப்பட்ட டயரின் தடம்

ஒரின்பாய் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றே ஜிபாஷுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

"பாலைவனத்துக்குள்ள நாலு நாள் சுத்தணும், தங்கச்சி. புதுச் சாமான் எதுவும் வேணாம். பழைய இரும்புலயே பண்ணிக் குடு," என்றார். வண்டி இருபத்தைந்து வருடப் பழைய பிக்கப். பேசும்போது அவர் கண் அவள் முகத்தில் நிற்கவில்லை. பட்டறை மூலையில் குவிந்திருந்த டயர்களை மேய்ந்துகொண்டிருந்தது.

ஜானாஓசென் ஊர்க்கோடியில் இருந்தது ஜிபாஷின் வெல்டிங் பட்டறை. குறைந்த செலவில் வண்டியைப் பாலைக்குத் தயார் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. உடைந்த லாரியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து ஸ்பிரிங்கில் சேர்த்தாள். எண்ணெய்க் குழாய் தகட்டை வளைத்து என்ஜினுக்கு அடியில் கவசமாக அடித்தாள். என்ஜின் புழுதியை இழுக்காமலிருக்க, வீட்டுத் தண்ணீர்க் குழாயைக் காற்றுக்குழாயாகக் கூரை வரை ஏற்றிக் கட்டினாள். மணலில் புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போட, ஓட்டை போட்ட இரும்புப் பலகைகள் இரண்டு. இதெல்லாம் எல்லோரும் கேட்பதுதான்.

மூன்றாம் நாள் அவர் கேட்டதுதான் உறுத்தியது.

"பின்னாடி தொட்டி முழுக்கத் தகரம் அடிச்சுடு. ஓரத்துல ஒரு ஓட்டை விடு, தண்ணி வடியணும்."

"எதுக்குண்ணே?"

"கழுவத்தான்."

"எதைக் கழுவ?"

"தகரத்தை."

ஜிபாஷ் சிரிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்புறம், பிரேக் லைட்டை அணைக்கத் தனியா ஒரு சுவிட்ச் வேணும். பின்னாடி வர்றவனுக்கு நான் இருக்குறது தெரியக் கூடாது."

சைகா மான் வேட்டைக்காரன்தான், வேறு யார்? ரத்தம் கழுவத் தகரம், காவலர் கண்ணில் படாமலிருக்க சுவிட்ச். இரண்டு வருடத்துக்கு முன் அவள் செய்துகொடுத்த வண்டியொன்றில் நாற்பது ஜோடிக் கொம்பு பிடிபட்டது. அவளுடைய வெல்டிங் மெஷினையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பக் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று.

மதியம் அவர் தேநீர் குடிக்க எதிர்க்கடைக்குப் போனதும், வண்டி இருக்கைக்கு அடியில் கையை விட்டாள். துப்பாக்கி இருக்கும் என்று நினைத்தாள். துணியில் சுற்றிய வெள்ளைக் கட்டி ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தாள். மண்ணில் பதிந்த டயர் தடத்தில் சுண்ண மாவைக் கரைத்து ஊற்றி எடுத்த அச்சு.

"பல் டாக்டர்கிட்ட வாங்கின மாவு," என்றது குரல். ஒரின்பாய் வாசலில் நின்றார். "தேடு, தேடு. நானும் உன் பட்டறைல மூணு நாளா அதத்தான் பண்றேன்."

"என்னத்தத் தேடுறீங்க?"

"பிப்ரவரில என்னோட ஒட்டகம் ஏழு போச்சு. பாலுக்கு வச்சிருந்தது. அதுல ரெண்டு சினை. பனி உருகின சேத்துல இந்தத் தடம் மட்டும் கெடந்துச்சு. டயர்க்கடைக்காரன் பாத்துட்டு, ஓரத்து ரப்பர்க் கட்டைய இப்படிச் சாய்ச்சு வெட்டுறது ஜிபாஷ் மட்டுந்தான்னான்."

அவள் அச்சை வெளிச்சத்தில் திருப்பினாள். பெரிய டயரைச் சின்ன வண்டிக்குப் போட்டால் மட்கார்டில் உரசும். மட்கார்டை மாற்றக் காசில்லாதவர்களுக்கு, சூடு காட்டிய கத்தியால் டயரின் ஓரக் கட்டைகளைச் சாய்வாக அவள் செதுக்கிக் கொடுப்பாள். இந்த அச்சில் ஒரு கட்டை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. அன்று கத்தி வழுக்கியது. பக்கத்தில் நின்று, "கைய அறுத்துக்காதக்கா," என்று கத்தியவன் அவள் தம்பி செர்ஷான்.

"நூறு பேருக்கு வெட்டிக் குடுத்திருக்கேன்," என்றாள்.

"ஓஹோ," என்றார் அவர்.

அதன்பின் அவள் தகரம் அடிக்கும்போது அவர் ஓர் இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டயர் யாருடையதோ அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாள் என்று அவருக்குச் சந்தேகம். தம்பிக்குச் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கே சந்தேகம். சாயங்காலம் இரண்டு முறை போனை எடுத்தாள், இரண்டு முறையும் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை ஒரின்பாய் சாவி போடும்போது, அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?"

"நாலு நாள் சுத்த வேணாம். மண் ஆராய்ச்சிக்காரங்க விட்டுட்டுப் போன பழைய முகாம் ஒண்ணு இருக்கு. அங்க போங்க."

"அங்க என்ன ஆளுங்க காத்துட்டிருக்காங்களா?" என்றார் அவர். ஆனாலும் வண்டியை எடுத்தார். செர்ஷான் அடிக்கடி போய்த் தங்கும் இடம் அது.

மணல் தொடங்கிய இடத்தில் இறங்கி, நான்கு டயரிலும் பாதிக்குப் பாதி காற்றை இறக்கினார்கள். பலகைகள் இரண்டு முறை தேவைப்பட்டன. பட்டை சேர்த்த ஸ்பிரிங் முனகியது, உடையவில்லை. முகாமை நெருங்கும்போது பகல் உச்சி.

சுவர் மறைவில் ஐந்து ஒட்டகங்கள் நின்றன. அவற்றில் ஒன்றின் காலடியில், நிற்கத் தெரியாமல் நின்றது ஒரு குட்டி. செர்ஷான் வாளியோடு வெளியே வந்தான். அக்காவைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான்.

"நீயே கூட்டிட்டு வந்தியாக்கா?"

"உன் டயர் கூட்டிட்டு வந்துச்சு. மிச்சம் ரெண்டு எங்கடா?"

அவன் வாளியையே பார்த்தான். ஒரின்பாய் அவனை அடிப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் நேரே குட்டியிடம் போய், அதன் வாயில் விரலை வைத்துப் பார்த்தார். "பால் குடிச்சிருக்கு," என்றார்.

குட்டியைத் தூக்கித் தகரத்தில் படுக்க வைத்தார்கள். தகரமும் ஓட்டையும் அவர் கேட்டது இதற்குத்தான். தாய் வண்டியின் பின்னாலேயே ஓடிவந்தது, மற்றவை தாயின் பின்னால். ஒரின்பாய் போலீசுக்குப் போகவில்லை. செர்ஷான் தன் பிக்கப்பை விற்று, இரண்டு ஒட்டகம் வாங்கிக் கொடுப்பது என்று அங்கேயே பேச்சு முடிந்தது. கொடுத்தான். அக்கா வீட்டுப் படி மட்டும் பிறகு ஏறவில்லை.

அன்று முகாமிலிருந்து திரும்பும் வழியில் ஒட்டகங்களுக்காக மெதுவாக ஓட்டியபடி ஒரின்பாய் கேட்டார். "கோச்சுக்காத தங்கச்சி. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா உங்க வண்டியத் தொட்டிருப்பேனா?"

"அதுவும் சரிதான்," என்றார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

ஜிபாஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மார்ச் முழுக்க செர்ஷான் வாரம் தவறாமல் இறைச்சி கொண்டுவந்தான். ஏது என்று அவள் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.