சட்டைப்பையில் இரண்டு சோப்பு

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூன்றாவது முறையாக மூக்கை உறிஞ்சியபோது சர்வேயருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வாசனை சர்வேயரின் சட்டைப்பையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதற்குள் இரண்டு குளியல் சோப்புகள் முதுகோடு முதுகு ஒட்டி, டேப் சுற்றப்பட்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

"குளிக்கப் போறீங்களா சார்?"

"இல்லங்க. கேமரா வாங்கப் போறேன்."

பக்கத்துக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் அதுதானா என்று கேட்டுக்கொள்ளும் தைரியம் சர்வேயருக்கு இல்லை.

சோப்புக்கு நியாயமான காரணம் இருந்தது. தினமும் கூடவே வைத்துக்கொள்கிற மாதிரி, கைக்கு அடக்கமாக, விலையும் கையைச் சுடாமல் ஒரு கேமரா வாங்க வேண்டும். வாங்கிய பிறகு பை கனக்கிறது, குனிந்தால் விழுகிறது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் என்ன பிரயோசனம்? அவர் குறித்து வைத்திருந்த கேமராக்களெல்லாம் ஏறக்குறைய இருநூற்றைம்பது கிராம். சோப்பு ஒன்று நூற்று இருபத்தைந்து. கணக்குச் சரியாக வந்தது. ஒரு வாரம் சோப்பைச் சுமந்து பார்ப்பது, பிறகு முடிவெடுப்பது என்று தீர்மானித்தார். மழை வரும் என்பதை மட்டும் தீர்மானத்தில் சேர்க்க மறந்துபோனார். ஐந்தாம் நாள், லாரி ஒன்றின் நசுங்கிய மூஞ்சியைப் பார்க்கப் போன இடத்தில், பட்டறை மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"சார், உங்க நெஞ்சு நுரைக்குது."

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் அல்ல. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எங்கே எவ்வளவு சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவர். முப்பது வருஷமாக அதே வேலை. ஒரு பள்ளத்தைப் பார்த்தால் போதும், இடித்தது லாரியா, தூணா, மைத்துனரா என்று சொல்லிவிடுவார். வண்டி எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு மனுஷர்கள் விஷயத்தில் மட்டும் அந்தக் கண் கொஞ்சம் மட்டு.

கேமரா யோசனை அவருடையது அல்ல. அக்கா மகளுடையது. ஊரில் எல்லோரும் கூப்பிட அவளுக்கு ஒரு பேர் இருந்தது. அவருக்கு அவள் வாலு. அக்காவும் வாலும் பன்னிரண்டு வருஷம் அவரோடுதான் இருந்தார்கள். பிறகு அக்கா மூத்த மகன் வீட்டுக்குப் போனாள். எட்டு மாதத்துக்கு முன்னால் வாலுக்குக் கண்காணாத தூரத்தில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து வீட்டில் அவரும் குளிர்பெட்டியும்தான். இரண்டு பேரில் அதிகம் பேசுவது குளிர்பெட்டி.

"மாமா, இனிமே தினம் ஒரு போட்டோ. நான் ஒண்ணு அனுப்புவேன், நீங்க ஒண்ணு அனுப்பணும்," என்றாள் வாலு, இரண்டு மாதத்துக்கு முன்னால்.

"என்னத்தை அனுப்புறது? என் மூஞ்சியையா?"

"அய்யோ, வேண்டாம், பயந்துடுவேன். அன்னைக்கு நீங்க எதைப் பார்த்தீங்களோ அது."

ஆபீஸ் போனில் படம் எடுக்க முடியாது. கிளெய்ம் நம்பர் போட்டால்தான் அதில் கேமரா திறக்கும். முதல் நாள் ஆர்வக்கோளாறில், ஜன்னலில் வழிந்த மழையை ஏதோ ஒரு நம்பர் போட்டு எடுத்துவிட்டார். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, "இதுல சேதம் எங்க சார்?" என்று கேட்டார். சொந்தப் போனிலோ கேமராவின் கண்ணுக்குப் புரை விழுந்து இரண்டு வருஷம். எதை எடுத்தாலும் பனிமூட்டம்.

"புதுப் போன் வாங்கட்டுமா?"

"வேண்டாம் மாமா. போன்ல எடுத்தா கிளெய்ம் போட்டோ மாதிரியேதான் எடுப்பீங்க. சின்னதா ஒரு கேமரா வாங்கிப் பையில போட்டுக்குங்க. அது படம் எடுக்க மட்டும்தான்னு உங்க கைக்குத் தெரியணும்."

சரி என்றார். அவ்வளவுதான், ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. நோட்டு ஒன்று போட்டு, கட்டம் கட்டி, எடை, தடிமன், பேட்டரி, ஜூம் என்று எழுதினார். ஒரு கேமரா இருட்டில் பிரமாதமாக எடுத்தது. ஆனால் லென்ஸ் துருத்திக்கொண்டு, பையில் எலுமிச்சம்பழத்தைத் திருடி ஒளித்த மாதிரி இருந்தது. இன்னொன்று ஒல்லி; எதிர்மாடிக் காக்கையின் கண்ணைக்கூடக் கிட்டத்தில் காட்டியது. வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் அதற்குக் கண் தெரியவில்லை. மூன்றாவதில் ஒரு குறையும் இல்லை. விலைதான் ஆனை விலை, குதிரை விலை.

இதற்கிடையில் வாலு தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தாள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒற்றைக் காலுறை. மழையில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை. ஒரு நாள் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் அவளுடைய டப்பாவும் எதிரே ஒரு நாற்காலியும். மறுநாளும் அதே டப்பா, அதே நாற்காலி.

இவர் என்ன பதில் எழுதினார் தெரியுமா? 'படத்தின் இடது மூலை கொஞ்சம் மங்கல். லென்ஸ் பிரச்சினையாக இருக்கலாம்.'

நாற்காலிக்கும் எழுதினார்: 'நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாக வருகிறது. உன் போன் என்ன மாடல்? நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.'

படங்கள் மெல்லக் குறைந்தன. 'கேமரா வாங்கியாச்சா மாமா?' என்று வந்துகொண்டிருந்தது, 'கேமரா?' என்று ஆனது. பிறகு வெறும் கேள்விக்குறி. பிறகு அதுவும் இல்லை. சர்வேயர் முதலில் வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தார். பதினோராவது நாள், சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, அவள் அனுப்பிய படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிளெய்ம் கோப்பைப் பார்க்கிற மாதிரி, வரிசையாக, நிதானமாக.

முப்பத்தொரு படம். ஒன்றில்கூட மனுஷர் இல்லை.

அவர் தட்டைக்கூடக் கழுவவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தூறலிலேயே கிளம்பினார். சோப்பு பையிலேயே இருந்தது.

பழைய கேமராக்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிற கடை அது. கடைக்காரம்மா கொண்டையில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருப்பார். பேசிக்கொண்டே உருவுவார், திருகுவார், திரும்பச் செருகிக்கொள்வார்.

"வாங்க சார். இது நாலாவது தடவை. மாப்பிள்ளை தேடுறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க."

"இன்னைக்கு வாங்கிட்டுத்தான் போவேன்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. அப்புறம் அந்த ஒல்லிக் கேமரா அடியில தலைமுடி சைஸ்ல ஒரு கீறலைக் கண்டுபிடிச்சு, அதைப் பத்தி அரை மணி நேரம் பேசிட்டுப் போனீங்க." கடைக்காரம்மா மூக்கைச் சுளித்தார். "என்ன சார், சோப்பு வாசனை?"

சர்வேயர் கைக்குட்டையைப் பைக்குள் அழுத்தினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? எந்தக் கேமரான்னு மூணு வாரமா கேக்குறீங்க. எதைப் படம் எடுக்கப் போறீங்கன்னு சொல்லவே இல்லையே?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் நோட்டில் கட்டம் கட்டவில்லை. காலையில் ஒரு தம்ளர். சாயங்காலம் அதே தம்ளர். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. இவ்வளவுதான் இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரிவிப்பது? கேமரா வாங்கிவிட்டால் அது தெரிந்துபோகும். வாங்காதவரைக்கும், வாங்கவில்லை என்பது மட்டும்தான் குறை.

"சும்மா... தினசரி பார்க்கிறதை," என்று இழுத்தார். இழுத்தபடியே கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்தார். "அது என்ன, ஓரமா?"

"அதுவா? அது வேண்டாம் சார். அடிபட்டது. ஒரு வருஷமாக் கிடக்கு. எல்லாரும் எடுத்துப் பார்த்துட்டு, ஐயய்யோன்னு வச்சிட்டுப் போயிடுவாங்க. அதான் பாதி விலை."

கறுப்பாக, உள்ளங்கைக்கு அடக்கமாக இருந்தது. கீழே வலது மூலையில் ஒரு பள்ளம். சர்வேயரின் கை தானாகப் பைக்குப் போய், ஆறு அங்குல ஸ்கேலை உருவியது. பள்ளத்தின் மேல் வைத்துப் பார்த்தார். எட்டு மில்லிமீட்டர். முகம் மாறிவிட்டது. மூன்று வாரமாகத் தயங்கித் தயங்கி நின்ற மனுஷர் எங்கோ போய்விட்டார்.

"இடுப்பு உயரத்துல இருந்து விழுந்திருக்கு. கல்லுத் தரை இல்ல, மரம். படியா இருக்கும். கல்லுன்னா உலோகம் கீறியிருக்கும். இது மழுங்கலா உள்ள போயிருக்கு. விழுந்தப்ப லென்ஸ் மூடியிருந்துச்சு. வார் விரல்ல சிக்கி நழுவியிருக்கு, அதான் முழு வேகத்துல விழல."

கடைக்காரம்மா ஸ்க்ரூடிரைவரை உருவ மறந்து நின்றார். "யார் கையில இருந்துச்சுன்னும் சொல்லிடுவீங்க போலிருக்கே?"

"தினம் கையில வச்சிருந்தவங்க." வலப்பக்கம் விரல் படுகிற இடத்தைத் தடவிக் காட்டினார். கறுப்புத் தேய்ந்து, அடியில் இருந்த வெள்ளை தெரிந்தது. "பெட்டியில பூட்டி வச்சிருந்தா இந்த இடம் இப்படித் தேயாது. கூடவே சுத்தியிருக்கு."

"அப்ப அடிபட்டது பரவாயில்லையா?"

"அடிபட்டது வேற, கெட்டுப்போனது வேறம்மா. முப்பது வருஷமா அதைத்தானே எழுதிக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதில் விழ, பள்ளத்தையே ஒரு நொடி தடவினார். அந்த நொடி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் கண்ணில் ஏதாவது ஆகியிருக்கும். நல்லவேளை, கடைக்காரம்மா காப்பாற்றினார்.

"சார், உங்க பையில என்னவோ கரையுது."

ஞாயிற்றுக்கிழமை காலை. கேமராவோடு வீட்டைச் சுற்றி வந்தார். மூன்று அறையையும் சுற்றி வர அதிக நேரம் பிடிக்கவில்லை. தம்ளரைப் பார்த்தார், எடுக்கவில்லை. செருப்பைப் பார்த்தார், அது விபத்து நடந்த இடம் மாதிரி இருந்தது. எதை வைத்துப் பார்த்தாலும் சோகப் படமாகத்தான் வரும் போலிருந்தது. அக்காவுக்குத் தெரிந்தால், "பெரிய தியாகி, மூஞ்சியைப் பாரு" என்பாள்.

குளியலறைத் திட்டில் அந்தச் சோப்பு ஜோடி கிடந்தது. மழையில் கரைந்து, ஓரமெல்லாம் வழிந்து, டேப் பாதி கழன்று, ஏதோ போருக்குப் போய்த் திரும்பிய மாதிரி. இந்த எட்டு மாதத்தில் அவர் வாழ்க்கையில் புதிதாக நடந்தது என்று பார்த்தால் அது ஒன்றுதான். சமையலறை மேசையில், ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்தார். எடுத்தார். படம் கேமராவிலிருந்து போனுக்குத் தாவியது. மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட்டார். கீழே, 'ஒரு வாரம் இதைத்தான் கேமரா என்று சுமந்தேன்' என்று எழுதினார்.

அனுப்பிய பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

சோப்பின் மேல் ஸ்கேல் சாய்ந்திருந்தது.

எப்போது வைத்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. முப்பது வருஷப் பழக்கம். பக்கத்தில் ஸ்கேல் இல்லாமல் எதையும் படம் எடுக்கக் கைக்குத் தெரியவில்லை. கிளெய்ம் போட்டோ மாதிரியே எடுப்பீங்க என்று அவள் சொன்னது எவ்வளவு சரி! அழிக்கலாம் என்று விரலை வைத்தார். அதற்குள் அந்தப் பக்கம் பார்த்தாயிற்று என்று காட்டியது.

ஒன்றும் வரவில்லை. தம்ளரைக் கழுவினார். மறுபடி கழுவினார். குளிர்பெட்டி முனகியது. "நீ சும்மா இரு," என்றார்.

போன் சத்தம் போட்டது.

'ஸ்கேல் சாஞ்சிருக்கு. பிடிக்க ஆள் இல்லையா மாமா?'

சர்வேயர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பள்ளிக்கூட லீவு நாட்களில் அவளைப் பட்டறைகளுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பள்ளத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலைப் பிடிப்பது அவள் வேலை. "நேரா பிடி வாலு, சாயாம பிடி" என்பார். அந்த வருஷத்துக் கோப்புகளிலெல்லாம் ஓரத்தில் இரண்டு சின்ன விரல்கள் இருக்கும். மேலதிகாரி ஒருவர் ஒரு கோப்பில் சிவப்பு மையில் எழுதியே கேட்டிருந்தார்: 'படத்தில் காணப்படும் விரல் யாருடையது? கிளெய்மில் சேருமா?' அதை வாலிடம் படித்துக் காட்ட, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

'ஆள் வெளியூர் போயிருக்கு,' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, 'வேலை அப்படியே காலியாகத்தான் இருக்கிறது' என்று சேர்த்தார்.

'பதினோரு நாள் ஆச்சு. என் கிளெய்மை நிராகரிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்.'

நிறைய எழுதி நிறைய அழித்தார். கடைசியில், அவருக்குத் தெரிந்த மொழியிலேயே அனுப்பினார்:

'படங்களை மறுபடி முழுதாகப் பார்த்தேன். முதல் தடவை சர்வேயர் சரியாகப் பார்க்கவில்லை. தவறு சர்வேயருடையது. நாற்காலியில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்களா?'

இந்தத் தடவை பதில் வர நேரமாயிற்று.

'இன்னும் யாரும் உட்காரல மாமா,' என்று வந்தது. கூடவே, 'இன்னைக்கு நீங்க எனக்கு ஒரு போட்டோ பாக்கி. சோப்பு கணக்குல வராது.'

ஜன்னல் வெளிச்சம் மேசையின் பாதிக்கு வந்திருந்தது. எதிரே காலியாக இருந்த நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார். வலது கையில் கேமரா. யாரோ ஒருவருடைய விரல் தேய்த்த இடத்தில் அவர் விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. இடது கையில் ஸ்கேலை எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் பிடித்தார். நேராக, சாயாமல்.

படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டை விரலும் விழுந்துவிட்டது. நகம் வெட்டியிருக்கலாம். வெட்டிவிட்டு இன்னொன்று எடுப்பதா என்று ஒரு நிமிஷம் ஆராய்ந்தார்; ஆராய்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்று ஞாபகம் வந்தது.

அப்படியே அனுப்பினார்.